ஃபியூசுக்குப் பதில் கம்பி

எங்கள் தெருவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தைரியம்தான் இன்று காலையில் கெடுத்தது.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் வேனை நிறுத்தியிருந்தார். வேன்தான் அவருக்கு வீடு. கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே. ஃபேன் ஃபியூஸ் மூன்றாவது முறையாகப் போய்விட்டதாம்.

"இதுக்கா இவ்ளோ டென்ஷன்? தள்ளும்மா" என்று ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பியைச் சொருகினேன். ஃபேன் ஓடியது. டீ கொடுத்தார். பனமலையில் ஒரு மோட்டாரை நான் ஓடவைத்த கதையை ஆரம்பித்தேன். அது கொஞ்சம் நீளமான கதை.

பாதியிலேயே கட்டிலுக்கடியில் புகை. பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

"ஐயோ அண்ணா, தண்ணி ஊத்தாதீங்க!"

பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு, தீயணைப்பானை எடுத்து அவரே அடித்தார். தீ அணைந்தது. மெத்தை பாதி கருகிவிட்டது.

"வயர் எங்கயோ உரசுது. அதனாலதான் ஃபியூஸ் போயிட்டே இருந்திருக்குண்ணா. கம்பி போட்டதும் ஃபியூஸுக்குப் பதிலா வயரே எரிஞ்சிடுச்சு" என்றார். திட்டவே இல்லை.

அடிவாரத்தில் வெள்ளரிக்காய் விற்கும் அக்கா புகையைப் பார்த்து ஓடிவந்து, "நல்லவேளை, நீ கூட இருந்தே! இல்லன்னா இந்தப் பொண்ணு இன்னா ஆயிருக்கும்?" என்றார்.

நான் தலையாட்டினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு கருகிய மெத்தையை வெளியே இழுக்கப் போனார்.

அக்கா இந்நேரம் ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்திருப்பார். யாராவது அவரைப் பார்த்தால் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.