அருணா சிஸ்டர் பேர் கேட்கிறார்

"உங்க பேரைச் சொல்லுங்க."

ஊசியை ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்தபடி அருணா கேட்கிறார். கட்டிலில் படுத்திருப்பது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அத்தை. இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள். "அடி இவளே, எம்பேரு உனக்குத் தெரியாதா? உனக்குப் பேரு வெச்சதே நாந்தாண்டி!" என்று காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். அருணா அசையவில்லை. "தெரியுங்கத்தே. இருந்தாலும் நீங்க சொல்லுங்க." அத்தை சொல்கிறாள், கூடவே நாலு வசவும். வசவு முழுவதையும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "சரிங்க, அப்பா பேரு?" என்று அடுத்த கேள்வியைப் போடுகிறார். வார்டே சிரிக்கிறது.

கொல்லிமலை மேலே இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அருணா நர்ஸ். அந்த மலையிலேயே அரியூர் நாட்டுப் பெண். ஒல்லியான உடம்பு, விறுவிறு நடை. ஆனால் தரையில் கொஞ்சம் ஈரத்தைப் பார்த்துவிட்டால் அந்த நடை அங்கேயே நின்றுவிடும். துடைத்துக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது தண்ணீரைச் சிந்தினாலும் இலையை விட்டு முதலில் எழுகிறவர் அவர்தான். பலாப்பழம் அறுக்கிறவர் கத்தியை நீட்டினால் கையில் வாங்க மாட்டார். "கீழ வைங்க, நான் எடுத்துக்கறேன்" என்பார். "எனக்குச் சோறு போடறப்ப மட்டுந்தாங்க இவ பேரு கேக்கறதில்ல" என்று அவருடைய வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "கேட்டுப் போட்டா மட்டும் பேரைக் காப்பாத்தவா போறீங்க?" என்று அருணா அங்கேயே திருப்பிக் கொடுப்பார்.

இந்தப் பழக்கமெல்லாம் பிறவியில் வந்ததல்ல. சில வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று வாங்குவது என்று முடிவானது. "வெளியூரு ஆளுங்க வருவாங்க, பாப்பாங்க, போவாங்க. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சாப் போதும்" என்று எல்லோரும் நினைத்தார்கள். அருணாவும் முணுமுணுத்தவர்தான். வந்தவர்களோ சுவரைப் பார்க்கவில்லை. துப்புரவு வேலை செய்யும் ருக்குமணியிடம் போய் நின்றார்கள். "கையில ஊசி குத்துனா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். "சேலையில தொடச்சுக்கிட்டு வேலையைப் பாப்பனுங்க" என்றாள் அவள். அவளுக்கு அப்படி ஒரு முறை குத்தியும் இருந்தது. நோய் ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தில் பல மாசம் தன் பிள்ளைகளுக்கு ஒரு வாய் சோறுகூட ஊட்டாமல் இருந்தாளாம். யாரிடமும் சொல்லவில்லை, திட்டுவார்கள் என்று. அன்றைக்குத்தான் அருணாவுக்கே அது தெரியவந்தது. பக்கத்திலேயே வேலை செய்கிறவள்!

இப்போது போட்ட ஊசி குப்பைப் பைக்குப் போவதில்லை. அங்கேயே முனை வெட்டப்பட்டு, எதுவும் துளைக்காத கெட்டியான டப்பாவுக்குள் போய்விடும். ருக்குமணிக்குக் கனத்த கையுறை, மூடிய செருப்பு. குத்திவிட்டால் உடனே கழுவ வேண்டும், உடனே சொல்ல வேண்டும், உடனே மருந்து. திட்டு மட்டும் கிடையாது. "முன்னெல்லாம் குப்பைப் பையைத் தூக்கறதுன்னா பாம்புப் புத்துக்குள்ள கைய உட்டாப்பல இருக்குமுங்க. இப்ப ஊட்டுக்குப் போயிப் புள்ளைங்களை நிம்மதியாத் தொடறேன்" என்கிறாள் ருக்குமணி. அதிலிருந்துதான் அருணாவுக்கு அந்த விதிமுறைகள் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. கோயிலில் சிலருக்கு வருமே, அந்த மாதிரி.

பேர் கேட்பதும் அதில் ஒன்று. முன்பெல்லாம் "சன்னலோரத்துக் கட்டிலு", "செவுத்தோரக் கட்டிலு" என்று கட்டிலைச் சொல்லித்தான் மருந்து போகும். ஆளைச் சொன்னாலும் தொல்லைதான். மலையில் சாமி பேரை வைத்துவைத்து, ஒரே ஊரில் எத்தனையோ கண்ணாயி, எத்தனையோ குப்பாயி. ஆகவே பேரோடு அப்பா பேரோ, புருஷன் பேரோ சேர்த்துக் கேட்க வேண்டும். "நீங்கதானே கண்ணாயி?" என்று கேட்கக் கூடாது. வலியில் கிடக்கிறவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அவர் வாயாலேயே வர வேண்டும்.

இதைக் கேலி செய்தவர்களில் முதல் ஆள் தனபால். குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் லாரி இறக்குகிறவன். "ஒவ்வொரு வளைவுலயும் எறங்கி நின்னு, ‘நீ எந்த வளைவு சாமி?’ன்னு கேட்டுக்கிட்டா வண்டி ஓட்டறேன்?" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். அருணாவை அவன் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற தேவை அவனுக்கு அதுவரை வரவில்லை.

வந்தது. மழைக்காலம். அவன் மனைவி கண்ணாயிக்குக் காலையில் தலைப்பிரசவம், பெண் குழந்தை. சன்னலோரக் கட்டில் கொடுத்திருந்தார்கள். மூடுபனி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. "பச்ச ஒடம்புக்காரிக்குப் பனிக்காத்து ஆவாது" என்று தனபாலின் அம்மா குப்பாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவரோரக் கட்டில்காரியிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவள் ராசு என்பவரின் மனைவி, நிறைமாசக்காரி, உடம்பில் ரத்தம் குறைவு என்று சேர்த்திருந்தார்கள். அவள் பெயரும் கண்ணாயி. மலையில் பிள்ளை பெற்றவளுக்கென்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "அதுக்கென்னங்க" என்று உடனே எழுந்து மாறிக்கொண்டாள். கட்டிலில் தொங்கிய பேர் அட்டைகள் மட்டும் மாறவில்லை.

குப்பாயி இன்னொரு காரியமும் செய்திருந்தாள். மருமகளின் மணிக்கட்டில் கோயிலில் மந்திரித்த கயிறு இருந்தது. ஆஸ்பத்திரியில் அதே கையில்தான் பேர் எழுதிய பட்டையைக் கட்டியிருந்தார்கள். சாமி கயிறு கட்டிய கையில் வேறு கட்டு ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பட்டையைக் கழற்றிச் சுருக்குப்பையில் முடிந்துகொண்டாள். எல்லாம் நல்ல மனசோடு செய்ததுதான்.

மத்தியானம் ஏற்றுவதற்கு ரத்தம் வந்தது. பை சங்கீதா என்ற இளம் நர்ஸின் கையில். அப்போதுதான் டியூட்டிக்கு வந்த அருணா கூடவே வந்தார். இருவரும் நேரே சுவரோரக் கட்டிலுக்குப் போனார்கள். கதவருகில் நின்ற தனபாலுக்கு மனசு நிறைந்துவிட்டது. வெளுத்துப்போய்க் கிடக்கிற தன் பெண்டாட்டிக்குக் கேட்காமலேயே ரத்தம் ஏற்றப்போகிறார்கள்! தெம்பு வந்துவிடும்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். "கண்ணாயிங்க."

சங்கீதா தலையசைத்தாள். அருணா கண்ணாயியின் பட்டையில்லாத மணிக்கட்டைப் பார்த்தார். "வீட்டுக்காரர் பேரு?"

கண்ணாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பிறந்த ஊரில் புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். அவனோ நாள் தவறாமல் லாரியை அந்த வளைவுகளில் இறக்குகிறவன். எப்படிச் சொல்வாள்?

"அக்கா, அவரே வாசல்ல நிக்கிறாருங்களே, கேட்டுக்கலாம்" என்றாள் சங்கீதா.

"வாய் பேச முடியாதவங்களுக்குத்தான் மத்தவங்க சொல்லலாம். இவங்க பேசறாங்க. கையில பட்டை வேற இல்ல."

தனபாலுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? "ஏனுங்க சிஸ்டர், புருசங்காரன் நான் குத்துக்கல்லாட்ட நிக்கிறேன். பெத்து அலுத்துப்போயிக் கெடக்கறவகிட்ட என்னங்க வெளையாட்டு? கெட்டுப்போறதுக்கு முன்னால ரத்தத்தை ஏத்துங்க!" என்று வார்டு அதிரக் கத்தினான். குப்பாயியும் சேர்ந்துகொண்டாள். பக்கத்துக் கட்டில்காரிகளும் "பாவம், உட்டுருங்க சிஸ்டர்" என்றார்கள். ஒரு பக்கம் மொத்த வார்டு, இன்னொரு பக்கம் அந்த ஒல்லி உடம்பு.

அருணா குரலை உயர்த்தவில்லை. குனிந்து கண்ணாயியின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டார். "கண்ணு, அவருக்கு ஒண்ணும் ஆவாது. நீ சொல்லாம நான் ஏத்த மாட்டேன். என்னைய யாரு திட்டுனாலும் சரி, நீ சொல்லற வரைக்கும் இப்படியே நிக்கறேன்."

கண்ணாயி சாமி கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். கன்னத்தில் நீர் வழிந்தது.

"தனபாலு."

கதவருகில் நின்றவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணமாகி அன்றுவரை அவள் வாயில் அவன் தன் பேரைக் கேட்டதே இல்லை. தன் பேர் இவ்வளவு மெல்லிசானது என்றும் அவனுக்குத் தெரியாது.

அருணாவின் பார்வை பையில் எழுதியிருந்த பேருக்குப் போனது. கண்ணாயி, கணவர் ராசு. சங்கீதாவின் முகம் வெளிறிவிட்டது. பையை அவளிடமிருந்து வாங்கிப் பத்திரமாகத் தட்டில் வைத்துவிட்டு, அருணா வாசலுக்கு வந்தார்.

"இது உங்க சம்சாரத்துக்கு வந்த ரத்தமில்லீங்க. குரூப்பே வேற. ஏத்தியிருந்தா..." என்று தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "ஏத்தலீங்க. அவங்க நல்லாயிருக்காங்க."

தனபால் சுவரைப் பிடித்துக்கொண்டான். எத்தனை பேர் கத்தியும் ஒரு மனுஷி அசையாமல் நின்றாரே! தான் கத்திய கத்தலுக்கு அவர் பயந்து ஊசியைக் குத்தியிருந்தால்? தன் வாயாலேயே தன் பெண்டாட்டியைக் கொல்லச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அந்த ஆஸ்பத்திரியே கோயிலாகத் தெரிந்தது.

அடுத்த நிமிஷம் விஷயம் வெளியே வந்ததும் பயம் முழுவதும் கோபமாகி அம்மா மேல் பாய்ந்தது. "கட்டிலை மாத்தச் சொல்லி உன்னைய யாரு கேட்டா? பட்டையைக் கழட்டச் சொல்லி யாரு கேட்டா?" குப்பாயி சுருக்குப்பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அம்மாவைத் திட்டாதீங்க" என்றார் அருணா. சத்தமில்லை, ஆனால் தனபால் நிறுத்திவிட்டான். "இன்னிக்கு இவங்களைத் திட்டுனா நாளைக்கு இன்னொருத்தங்க பயந்துக்கிட்டு மறைப்பாங்க. மறைச்சாத்தாங்க ஆபத்து. கயித்துக்குப் பக்கத்துல கட்டலாமான்னு கேக்காம கட்டுனது எங்க தப்பு. டாக்டர்கிட்ட நானே சொல்லீருவேன்." பிறகு குப்பாயியின் தோளைத் தொட்டார். "பட்டையைக் குடுங்கம்மா. கையில ஆவாதுன்னா கால்ல கட்டிக்கலாம். சாமிக்கும் கொறையில்ல, நமக்கும் கொறையில்ல."

குப்பாயி சுருக்குப்பையை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை. அருணாவே முடிச்சை அவிழ்த்து, பட்டையை எடுத்து, கண்ணாயியின் கணுக்காலில் கட்டினார். அட்டைகளைச் சங்கீதா சரியான கட்டில்களுக்கு மாற்றினாள். சன்னலோரக் கட்டிலில் ராசுவின் கண்ணாயி, ஒன்றும் புரியாமல், தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அருணா வராந்தாக் குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

திரும்பும்போது தனபால் வழியில் நின்றான். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தன் கைகளை நீட்டினான்.

"ஐயோ சாமி, தொட்டுறாதீங்க, இப்பத்தான் கழுவியிருக்கேன்!" என்று அருணா நீர் சொட்டும் இரண்டு கைகளையும் சட்டென்று உயரத் தூக்கிக்கொண்டார். "அந்தக் கண்ணாயிக்கு ரத்தம் ஏத்தோணுமுங்க."

தனபால் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி வழிவிட்டான். அவர் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.