மயிரிழை அளவு மெழுகு

பக்கத்து அறையில் கம்ப்யூட்டரின் விசிறி உறுமிக்கொண்டிருந்தது. பதினோரு நாளாக இதே சத்தம்.

"வீட்டுக்குள்ள மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தபடி உட்கார்ந்தார் மேலாளர்.

"கணக்கு ஓடுது சார். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்," என்றாள் அவள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. என்ன கணக்கு என்று அவருக்குத் தெரியும்.

அலுவலகத்தில் அவளுக்கு மெழுகக்கா என்று பெயர். பேட்டரி சூடாகாமல் காக்கும் பெட்டிகளை, செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டருக்குள் கட்டிச் சூடேற்றிப் பார்ப்பது பதினாறு வருடமாக அவள் வேலை. ரொட்டி போலத் துளை துளையாக உலோக நுரை, துளைகளுக்குள் மெழுகு, நடுவே வெப்பக் குழாய்கள். மெழுகு உருகிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், நுரை பரப்பும், குழாய் வெளியே கடத்தும். மூன்றும் சேர்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டே அவள் தலை பாதி நரைத்துவிட்டது.

போன மாதம் சோதனைக்கூடத்தில் அவள் கணக்குப் போட்ட அப்படியொரு பெட்டி அளவுக்கு மீறிச் சூடேறியது. மெழுகு பீறிட்டு ஒரு தொழிலாளியின் கை வெந்துபோனது.

நுரையும் குழாயும் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருப்பதாக வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். முதல் கணக்கில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், 'நடுவே மயிரிழை அளவு மெழுகு புகுந்தாலும் சூடு குழாய்க்குப் போகாது; அதைக் கணக்கிடாமல் பெட்டியைச் செய்ய வேண்டாம்' என்றும் எழுதியிருந்தாள். வாங்குகிறவர் பயந்துவிடுவார் என்று மேலாளர் அந்தப் பக்கத்தையே தூக்கிவிட்டார். மூலப்பிரதி அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைத் தொட இப்போது அவளுக்கு அனுமதி இல்லை.

மேலாளர் ஒரு தாளை நீட்டினார். 'தவறு முழுவதும் என்னுடையது.'

"கையெழுத்துப் போட்டா வேலையிலேர்ந்து நல்லபடியா அனுப்பி வைக்கிறேன்மா. இல்லன்னா நாளைக்கு விசாரணையில கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"ரெண்டு மணி நேரம் இருங்க சார். பெட்டி தொண்ணூத்தோரு டிகிரி போச்சு. இடைவெளியோட போட்ட என் கணக்கும் அதையே சொன்னா, மூணாம் பக்கம் எங்கேன்னு கேப்பாங்கல்ல?"

மேலாளர் காதில் கை வைத்தார். "என்ன சொன்னீங்க? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே."

டீயோடு வந்த அவள் கணவர் அதைக் கேட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வந்தவர்கள் முகம் கோணக் கூடாது அவருக்கு. கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனார்.

சத்தம் நின்றது.

முடிந்துவிட்டதா? அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"நான்தான் ஆஃப் பண்ணினேன்," என்று வந்தார் கணவர். "இப்ப நிம்மதியாப் பேசுங்க."

"என்னங்க..."

"ஏம்மா, அதுதான் அப்பப்ப சேமிச்சு வெச்சுக்குமே? நீதானே சொல்லுவ?"

அலுவலகத்தில் சேமிக்கும். இங்கே, மெழுகு உருகும் ஒவ்வொரு நொடியையும் எழுதி எழுதி டிஸ்க் நிரம்பி, கணக்கு இரண்டு முறை நின்றுபோனது. அதனால் கடைசியில் மட்டும் எழுதினால் போதும் என்று அவளே மாற்றிவைத்திருந்தாள். பதினோரு நாள் கணக்கும் போயிற்று. பதினாறு வருட அனுபவக்காரி செய்த காரியம்! அதைக் கணவரிடம் சொல்லவும் இல்லை. இருவரும் முகம் பார்த்துப் பேசியே எத்தனை நாளாயிற்று என்பதை அவள் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை.

மேலாளர் நிதானமாக டீயை உறிஞ்சினார்.

"மூணாம் பக்கம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குமா. சரியாத்தான் எழுதியிருந்தீங்க."

சத்தம் நின்ற பிறகு அதைச் சொல்ல அவருக்குக் கூசவில்லை.

அவள் தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

"அந்தத் தொழிலாளி கை இப்ப எப்படியிருக்கு சார்?"

"யாரு? ஓ... தெரியலையேமா. விசாரிக்கணும்."

பேனாவை மூடினாள். தாளை நான்காக மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"விசாரிங்க சார். நாளைக்கு நானே வந்து கிழிபடுறேன்."

"கையில ஒண்ணுமே இல்லாமலா?"

"ஒண்ணுமே இல்லாமத்தான்."

அவர் தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார். வழியனுப்பக் கணவர் வாசலுக்கு நடந்தார். அவரை முந்திக்கொண்டு போய் அவள் கதவைச் சாத்தினாள்.