ஓடாத நிரல்

தஞ்சாவூரில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு, அறுவடை இயந்திரத்தை முன்பதிவு செய்யும் இணையதளத்தை நான்தான் எழுதினேன். கைப்பேசி எண்ணைத் தட்டினால், இயந்திரம் வயலுக்கு என்றைக்கு வரும் என்று சொல்லிவிடும். சித்தப்பாவும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். “எங்க அண்ணன் பொண்ணு செஞ்சது” என்று டீக்கடையில் எல்லோருக்கும் காட்டுவாராம்.

சம்பாக் கதிர் முற்றி நின்ற வாரத்தில், முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினார். காலையில் சித்தப்பா போன் செய்தார்.

“என்னம்மா இது, திறந்தா ஏதோ இங்கிலீஷா கொட்டுது. நம்பரை எங்க போடுறது?”

பார்த்ததும் புரிந்துவிட்டது. யாராவது பக்கத்தைக் கேட்டால், சர்வர் என் நிரலை ஓட்டி, வரும் விடையை மட்டும் அனுப்ப வேண்டும். நிரலை ஓட்ட யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் ஹேண்ட்லர் வரி புதிய சர்வரில் இல்லை. அதனால் அது நிரலையே அப்படியே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனில் கெஞ்சினேன்.

“ஒரு வரிதான் சார். பாஸ்வேர்டு குடுங்க, நானே போட்டுடுறேன்.”

“அதெல்லாம் போன்ல சொல்ல முடியாது. வந்து பாக்குறேன்.”

அவர் மறுநாள்தான் வந்தார். வந்ததும் அந்த வரியைச் சேர்த்தேன், தளம் ஓடியது. அதற்குள், முன்பதிவு எதுவும் வராததால், இயந்திரங்களை வாடகைக்கு விடும் புரோக்கர்கள் அவற்றை வேறு ஊர்களுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மாலையில் மழை பிடித்துக்கொண்டது. சித்தப்பாவின் பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது.

சங்கத்துக்காரர்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். சித்தப்பாவும் வந்திருந்தார்.

“பொண்ணு கவனிக்காம விட்டுருச்சுங்க” என்றார் முதலாளி, என் பக்கம் திரும்பாமலே.

“இல்லீங்க, சர்வரை மாத்தினது சார்தான். ஹேண்ட்லர் போடாம...”

“அதெல்லாம் எங்களுக்குப் புரியாதும்மா” என்றார் சங்கத் தலைவர். “எழுதினது நீதானே?”

“ஆமாங்க.”

அதற்கு மேல் அங்கே என் பேச்சு எடுபடவில்லை. சித்தப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த மாதமே வேலையை விட்டேன். “உன் இஷ்டம்” என்றார் முதலாளி. முளைவிட்டுப்போன நெல்லைச் சித்தப்பா மாட்டுக்குத்தான் போட்டார் என்று அம்மா சொன்னாள். இப்போதும் விசேஷ வீடுகளில் பார்த்தால், “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்கிறார். என் வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.