மலை எந்தக் கைப்பக்கம்

காலையில் ஓரிடத்திலிருந்து கிளம்பி, நாள் முழுக்க அலைந்து, சாயங்காலம் களைத்துப்போய் அதே இடத்துக்குத் திரும்புவதற்கு பம்பாய் மாதுங்காவில் அந்த நாளில் ஒரே பெயர்தான் இருந்தது. ஆபீஸ் உத்தியோகம். அதையே ஞாயிற்றுக்கிழமையிலும், காட்டுக்குள், சம்பளம் இல்லாமல் செய்யலாம் என்று எங்களுக்குக் காட்டித் தந்த புண்ணியவான் எங்கள் ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை.

யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. துரைக்கு மலை நடைப் பைத்தியம். பாண்டுப் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் காடு அடர்ந்த ஒரு மலை. அதன் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதையில், பாறைக்குப் பாறை வெள்ளைப் பெயிண்டால் தன் கையாலேயே அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். அம்பு காட்டும் பக்கமே போனால் இருட்டுவதற்குள் கிளம்பிய இடத்துக்கு வந்துவிடலாம். தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் முழுவதையும் அங்கே கூட்டிப் போவதாக அறிவித்தார். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். துரைக்கு விருப்பம் வந்த பிறகு குமாஸ்தாக்களுக்கு வராமல் இருக்குமா? எல்லாருக்கும் வந்துவிட்டது.

எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. யுத்தத்துக்காக எடுத்த தற்காலிக டைப்பிஸ்டுகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பி, கடைசியில் நானும் ஒரு கோவாக்காரப் பெண்ணும் மிஞ்சியிருந்தோம். எங்களில் ஒருத்தியைத்தான் நிரந்தரமாக்குவார்கள். யாரை என்று மலை நடை முடிந்த மறுநாள் துரை சொல்வதாக இருந்தது. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பிகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

எங்கள் ஹெட்கிளார்க் பாலக்காட்டுக்காரர், எங்களுக்கு அடுத்த தெரு. முதல் நாளே வீட்டுக்கு வந்து எனக்கு உபதேசம் பண்ணினார்.

"துரை பின்னாடியே நட. அவர் எதைக் காட்டினாலும் அழகா இருக்குன்னு சொல்லு. அந்தக் கோவாப் பொண்ணை முன்னாடி விட்டுடாதே."

உள்ளேயிருந்து அம்மா, "ஆம்பளைகளோட காட்டுக்கு இவளைத் தனியா அனுப்பறதா? நானும் வரேன்" என்றாள். மூன்றாம் மாடிப் படிகளைத் தவிர வேறு எதையும் ஏறி அறியாதவள். ஹெட்கிளார்க்கின் முகம் அப்போதே வாடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மலை அடிவாரத்தில் இறங்கிய எங்கள் படையைப் பார்த்திருக்க வேண்டும். பஞ்சகச்சம், மூடிய கோட்டு, குடை சகிதமாக ஹெட்கிளார்க். ஆபீஸ் பூட்ஸில் குமாஸ்தாக்கள். ரேஷன் அரிசியில் பிசைந்த புளியஞ்சாதமும் தயிர் சாதமும் பித்தளைத் தூக்குகளில் ஏந்தி அம்மா. துரை மட்டும் அரை நிஜாரும் கைத்தடியுமாக, நடக்க வந்தவர் மாதிரி இருந்தார்.

முதல் பாறையில் முதல் அம்பு. வலது பக்கம் காட்டியது. துரை கைத்தடியை அந்தப் பக்கம் நீட்டினார். நானும் உபதேசத்தின்படி, "அழகாக இருக்கிறது, சார்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அதே நேரத்தில் விறகுச் சுமையோடு ஒருத்தி இறங்கி வந்தாள். மலை உச்சியில் ஒரு சிவப்புக் கொடி தெரிந்தது. அம்மா அதைக் காட்டி, தன் பம்பாய் ஹிந்தியில், "உப்பர் கோன் ஹை?" என்று, மேலே இருப்பது யாரென்று விசாரித்தாள்.

"தேவி" என்றாள் அவள்.

அம்மா தூக்கைக் கீழே வைத்தாள். அம்பைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், பிறகு ஹெட்கிளார்க்கைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கமாப் போனா அம்பாள் இடது கைப்பக்கம் வருவாளே. அப்பிரதட்சிணமான்னா போறது? நான் வரமாட்டேன். மலையை வலது கைப்பக்கம் வெச்சுண்டு அந்த வழியாப் போறேன். ரெண்டும் ஒரே வட்டம்தானே."

"மாமி, அம்பு போட்டிருக்கு" என்றார் ஹெட்கிளார்க் பரிதாபமாக.

"போட்டவருக்குத் தெரியாது. உமக்குமா தெரியாது? எங்காத்துல அவரைத் தூக்கறதுக்கு முன்னாடி இப்படித்தான் இடமாச் சுத்தினேன். இன்னொரு தடவை சுத்தமாட்டேன்."

ஹெட்கிளார்க்குக்குத் துரையிடமும் பயம், அம்பாளிடமும் பயம். துரையிடம் போய், ஸ்திரீகளுக்கு அந்தப் பக்கத்து நிழல்தான் ஒத்துக்கொள்ளும், துணைக்குத் தானும் போக வேண்டியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் குழைந்தார். உடனே மாதுங்காக் குமாஸ்தாக்கள் ஒவ்வொருவருக்கும் நிழல் தேவைப்பட்டது. துரையோடு மிஞ்சியவர்கள் ஒரு பார்ஸிக் கணக்கரும் அந்தக் கோவாப் பெண்ணும்தான். அவள் மறுபேச்சில்லாமல் துரையின் பின்னால் நடந்தாள். நான் அம்மாவின் பின்னால் நடந்தேன். என் வேலை எதிர்த் திசையில் போவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மாவின் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்று நினைத்தாலும் சுடுகிறது.

நிழல் என்பது ஹெட்கிளார்க்கின் கற்பனை. எங்கள் பக்கம் மரங்களை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதைவிடப் பெரிய சங்கடம் அம்புகள். துரை தான் வரும் திசையிலிருந்து பார்த்தால் தெரியும்படி, பாறைகளின் ஒரு முகத்தில் மட்டும் அம்பு போட்டிருந்தார். எதிரே வரும் எங்களுக்கு அத்தனை பாறைகளும் வெறும் பாறைகள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஏதாவது ஒன்றில் கொஞ்ச தூரம் போய், பாறையைக் கடந்து, திரும்பிப் பார்க்க வேண்டும். அம்பு இருந்தால் வந்த வழி சரி. இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பி மற்றதில் போக வேண்டும். நாங்கள் பார்த்த அம்புகள் எல்லாமே எங்களைத் திரும்பிப் போகச் சொல்லின. குமாஸ்தாக்கள் பழக்கத்தினால் பொறுத்துக்கொண்டார்கள்.

மலையின் மறுபக்கத்தில், உச்சி வெயிலில், ஒரு ஓடைக்கரையில் இரண்டு கட்சியும் எதிரெதிரே வந்து சந்தித்தன. துரை ஒரு பாறையில் அமர்ந்திருந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கோவாப் பெண் ஓடையில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நிழல் எப்படி?" என்று துரை கேட்டார்.

"பிரமாதம், சார்" என்றார் ஹெட்கிளார்க். கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது.

துரை என் பக்கம் திரும்பினார். "உண்மையில் ஏன் அந்தப் பக்கம் போனீர்கள்?"

ஹெட்கிளார்க் கண்ணால் கெஞ்சினார். காலில் முள், வயிற்றில் பசி, வேலை போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை. இனி யாருக்காகக் குழைவது? சொல்லிவிட்டேன். "உங்கள் அம்புகள் தப்பான பக்கம் காட்டுகின்றன, சார். நாங்கள் தெய்வத்தை வலமாகச் சுற்றுவோம். இடமாகச் சுற்றுவது செத்துப்போனவர்களுக்கு மட்டும்தான்."

ஹெட்கிளார்க் குடையை விரித்துக்கொண்டார். துரை கைத்தடியைப் பாறையில் சாய்த்து வைத்தார்.

"போன மழைக்காலத்தில் என் மனைவி இறந்துபோனாள்" என்றார். "அவளும் நானும் சேர்ந்து போட்ட அம்புகள் இவை. அவள் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொள்வாள். அவள் போன பிறகு மாதம் ஒரு தடவையாவது தனியாக வந்து சுற்றிவிட்டுப் போகிறேன். அப்படியானால், நான் சரியான பக்கமாகத்தான் சுற்றியிருக்கிறேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. துரை என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். தமிழில் சொன்னேன். அவள் இரண்டு தேக்கிலைகளைப் பறித்து ஓடையில் கழுவி, புளியஞ்சாதத்தையும் தயிர் சாதத்தையும் வைத்து, கை படாமல் அவர் பக்கத்துப் பாறையில் வைத்தாள். ஆசாரத்தையும் அவள் விடவில்லை. துரை காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். பிறகு அவர் அவர் வழியில் போனார், நாங்கள் எங்கள் வழியில் போனோம்.

திங்கட்கிழமை ஹெட்கிளார்க் என்னைத் துக்க வீட்டுக்காரி மாதிரி நடத்தினார். மத்தியானம் துரை கூப்பிட்டார். நான் இருக்கலாம் என்றார். கோவாப் பெண்ணுக்கு வேறு கம்பெனியில் சொல்லி இடம் பிடித்துவிட்டாராம். ஆபீஸில் தன்னிடம் பிரமாதம் என்று சொல்லாத ஒரு ஆளாவது வேண்டும் என்றார். அப்புறம் இன்னொன்றும் கேட்டார். பாறைகளின் மறுமுகத்தில் எங்களுக்காகவும் அம்பு போடப் போகிறாராம். என்ன நிறத்தில் போடலாம் என்று அம்மாவைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து வேலை நிரந்தரமானதைச் சொன்னேன். அம்மா சுவாமி அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டாள். நிறத்தைக் கேட்டேன். "மஞ்சள்தான், வேறென்ன" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

களைந்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அந்த வெள்ளை அம்பை மட்டும் அழிச்சுட வேண்டாம்னு அவர்கிட்டச் சொல்லு" என்றாள்.