உப்புப் போட்ட ஆன்டிபாடி

அந்தக் குப்பி என் சுண்டுவிரலில் பாதிகூட இராது. உள்ளே ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி. கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பையே அடிக்கக் கிளம்பும் டி செல் என்ற வெள்ளை அணுக்களை அடக்கி வைக்க, ரத்தத்தில் வேறு சில டி செல்கள் உண்டு. அவற்றின் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு நமக்குக் காட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு, என் மயினிக்கு, முடக்குவாதம். மறுநாள் மாத்திரை தொடங்க வேண்டும். மாத்திரை உள்ளே போனால் அந்தச் செல்களின் கணக்கே மாறிவிடும். அதற்கு முன்னால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த பார்சலை, திரேஸ்புரத்தில் மீன் வியாபாரம் செய்யும் என் வீட்டுக்காரர்தான் வாங்கி வந்தார். ஐஸ் உருகியிருந்ததாம். மனுஷன் சும்மா இருப்பாரா? குப்பியை மீன் பெட்டியில் பொடி ஐஸுக்குள் புதைத்து, மேலே உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார். உப்புப் போட்டால் ஐஸின் குளிர் ஏறும். மீனுக்கு நல்லது. ஆன்டிபாடியோ உறைந்தால் குப்பைக்குத்தான். அது கல்லாகிக் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. வாசலிலேயே வைத்துக் கிழித்தேன்.

"சீலா மீனுக்கே உப்புப் போடுதோம். அக்காவுக்குள்ளதாச்சேன்னு ரெண்டு கை கூடவே போட்டேன்" என்றார். குப்பியை வாங்கிக்கொண்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"வேற குப்பி வரட்டும். அதுவரைக்கும் மாத்திரை வேண்டாம்" என்றார் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மயினி.

"வலி உயிர் போகும் மயினி. நாளைக்கே போடுங்க."

அவர் கேட்கவில்லை. டாக்டரும், இரண்டு நாள் தள்ளினால் ஆபத்தில்லை, வலியைத்தான் பொறுக்க வேண்டும் என்றார். மயினிக்குக் கை தலைக்கு எழும்பவில்லை. இரண்டு நாளும் காலையில் தம்பிதான் அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். பின்னல் கோணல்மாணலாக இருந்தது.

"மீன் வாடை அடிக்குலே" என்று மயினி சிரித்தார்.

அடுத்த குப்பியை என் வீட்டுக்காரர் உப்பின் பக்கமே கொண்டுபோகாமல் கொண்டுவந்து சேர்த்தார். அன்றே ஆய்வகத்தில், மயினியிடம் எடுத்த ரத்தத்தில் அதைக் கலந்து கருவியில் ஏற்றினேன். செல்லுக்கு ஒன்றாகத் திரையில் புள்ளிகள் விழுந்தன. மயினி பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல எனக்காக நிக்கது எது?"

ஓரமாக இருந்த சிறு கூட்டத்தைக் காட்டினேன். "கொஞ்சம்தான் மயினி."

"இருக்குல்லா, போதும்" என்றவர், வீங்கிய விரலால் திரையை மெல்லத் தடவிக் கொடுத்தார். பிறகு வாசலில் நின்ற தம்பியை உள்ளே கூப்பிட்டார்.

"ஏலே, வந்து பாரு. நீ கொண்டாந்தது வேல செய்யுது."