முதல் உப்புக்குக் கற்பூரம்

அப்பாவின் அக்கா சொன்ன இந்த விஷயத்தை எழுதப் பல வருஷம் தயங்கினேன். அத்தைக்குத் தலைகுனிவு வருமோ என்று பயம்.

எங்கள் உப்பளத்தில் பருவத்தின் முதல் உப்பைக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் கூடையில் அள்ளுவோம். ஒரு வருஷம் கும்பிடுவதற்கு முன்பே அள்ளிவிட்டார்கள். அன்றே மழை கொட்டி, பாத்தியில் இருந்ததெல்லாம் கரைந்துபோனது. அப்பா அவசரப்பட்டதால்தான் என்று சொந்தக்காரர்கள் அவர் சாகும்வரை குத்திக்காட்டினார்கள்.

போன மாதம் அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எப்பவோ சொன்னேன், நீ எழுதல. இப்ப போன்ல புடி. மொத கூடைய அள்ளுனது நான். உங்கப்பன் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். எனக்காகப் பழியத் தாங்கிக்கினான்."

பதிவைக் கேட்டு எழுதும்போது, மனசு கேட்காமல் 'யாரோ அள்ளிவிட்டார்கள்' என்று மாற்றினேன். படித்துக் காட்டியதும் அத்தை முறைத்தார்.

"யாரோன்னா யாருடா, பக்கத்து ஊர்க்காரியா? அத்தைன்னு போடு. சாமிகிட்ட போய் நான் என்னா சொல்லுவேன்?"

அடித்துத் திருத்தினேன். மழை ஏன் வந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அள்ளியது அத்தை, அப்பா இல்லை. சொந்தபந்தங்களே, பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அத்தைக்காக எதையும் மறைக்காதீர்கள், அவரைத் திட்டவும் திட்டாதீர்கள். அவர் சொன்னபடியே சொல்லுங்கள்.