சந்தனம் பூசிய பெட்ரோல் பம்ப்

எங்கள் காரில் இரண்டு பேருக்கும் வேலை உண்டு. ஓட்டுவது நான், தட்டுவது என் மனைவி.

என்னைவிட வயதில் மூத்த இங்கிலாந்துக் கார் அது. அதன் பெட்ரோல் பம்ப் பொனட்டுக்குள்ளே இருக்கிறது, பெட்டரி மின்சாரத்தில் ஓடுவது. சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்று பல்லி மாதிரிச் சத்தம் போடும். காபரேட்டர் நிரம்பியதும் அடங்கிவிடும். ஆனால் கிழட்டுப் பம்ப், நினைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும். அப்போது யாராவது இறங்கி, பொனட்டைத் திறந்து, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் எழுந்துவிடும். மலை ரோட்டில் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. ஆகவே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவள்தான் இறங்குவாள். பசறை பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் இருவருமே பதுளையில் ஆசிரியர்கள். அந்த பஸ்ஸில் எப்படியும் ஒரு மாணவனாவது இருப்பான்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது தன் தம்பியின் கல்யாணத்தன்று நடந்ததைத்தான். அவளுக்கு ஒரே தம்பி, பூனாகலையில் தோட்டத்து ஒபீஸில் வேலை. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளைப் போடுவது மாப்பிள்ளையின் அக்கா தங்கைதான். அன்றைக்கு எல்ல ஊர்ப் பக்கம் கார் நின்றது. எத்தனை தட்டுத் தட்டியும் அசையவில்லை. மரக்கறி லொறியில் ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பெரியப்பா மகள் ஒருத்தி அந்த முடிச்சுகளைப் போட்டு முடித்திருந்தாள். என் மனைவி அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்தத் தம்பிக்கு இப்போது மகன் பிறந்து, பேர் வைக்க நாள் குறித்திருந்தார்கள். பிள்ளையின் காதில் முதலில் பேரைச் சொல்வது அத்தை. சேதி வந்த அன்றே அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவையும் வழியில நின்னுச்சின்னா காரை வித்துருவோம். அந்தக் கொழும்புக்காரருக்கு நானே போன் போடுறேன்."

கல்யாணங்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடும் ஒருவர் ஏற்கெனவே காரை விலைக்குக் கேட்டு வைத்திருந்தார். நான் சரி என்றேன். அந்தக் காரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எழுதுகிறேன், உயிரையே வைத்திருக்கிறேன்.

பம்புக்கு வைத்தியம் பார்த்தது போதும், புதிதாகவே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் நாநாவிடம் சொல்லி வைத்தேன். அவர் எங்கெங்கோ விசாரித்து வரவழைத்துக் கொடுத்தார்.

"நல்ல வேலை செஞ்சீங்க சேர்," என்றார் பெட்டியைத் தள்ளியபடி. "பாவம் டீச்சர், ஊரெல்லாம் இறங்கி இறங்கித் தட்டுறாங்க."

புறப்படுவதற்கு முந்தின நாள் பொனட்டைத் திறந்து வேலையில் இறங்கினேன். முதலில் பெட்டரி வயரைக் கழற்றினேன். குழாய்களின் நட்டுகள் பிடிவாதமாக இருந்தன, ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் போனது. சொட்டிய பெட்ரோலை ஏந்த அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து வந்தேன். அது ரசக் கிண்ணம் என்பது பிறகு எனக்கு நன்றாக விளக்கிச் சொல்லப்பட்டது. பழையதைக் கழற்றி, புதியதை அதே இடத்தில் வைத்து, புது வாஷர் போட்டு முறுக்கினேன். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஒவ்வொரு வயராகத் தடவி வந்தேன். பிறகு பார்த்தால் எர்த் வயர் பிடிக்கிற இடத்தில் துருவும் பெயின்ட்டும். தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி மாட்டினேன். டக் டக் டக் என்று ஆரம்பித்து, அழகாக அடங்கியது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன்.

என் மனைவிக்கும் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை. சாமித்தட்டோடு வந்தாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம். திறந்திருந்த பொனட்டுக்குள்ளும் குனிந்து, "புதுசா வந்திருக்கிறது இதுதானே," என்று பம்புக்கும் தாராளமாகச் சந்தனம் பூசி நடுவில் பொட்டு வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

காலையில் பண்டாரவளை வரை கார் பூப்போல் ஓடியது. நான் பாட்டுக்கூடப் பாடினேன். பூனாகலை ரோட்டில் ஏற்றம் தொடங்கியதும் இழுவை குறைந்தது. கியரைக் குறைத்தேன். இருமியது, துள்ளியது, தேயிலைக்கு நடுவில் ஒரு வளைவில் நின்றே விட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஸ்குரூ டிரைவரக் குடுங்க."

"வீட்டுல இருக்கு," என்றேன். "புது பம்புக்கு எதுக்குன்னு வச்சிட்டு வந்துட்டேன்."

ஹேன்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பொனட்டைத் தூக்கினேன். பம்ப் உயிரோடுதான் இருந்தது, ஆனால் நினைத்து நினைத்து ஒரு 'டக்' போட்டது. அதன் உடம்பெல்லாம் நேற்றைய சந்தனம் எஞ்சின் சூட்டில் இறுகிப் போயிருந்தது. பம்பின் பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. உள்ளே பெட்ரோலை இழுக்கும் சவ்வு முன்னும் பின்னும் அசைய, அந்த வழியாகக் காற்று போய் வர வேண்டும். துவாரம் இருந்த இடத்தில் சந்தனம் பூசி மெழுகியிருந்தது. சம ரோட்டில் எப்படியோ சமாளித்த பம்ப், ஏற்றத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டது.

விரலால் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நான் வச்சதாங்க?"

"வேற யாரு வச்சா?"

தோளிலிருந்து சேலை ஊக்கைக் கழற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, துவாரத்திலிருந்த சந்தனத்தை நோண்டி எடுத்தாள். நான் போய்ச் சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் என்று வேகமாகச் சத்தம் வந்தது. சிரித்தால் வம்பு என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். ஊக்கு வளைந்துவிட்டதால் தோளில் சேலை மடிப்பைக் கையால் பிடித்தபடியே வந்தாள். நின்றது நின்றதுதான், காரை விற்றே ஆக வேண்டும் என்று அவள் சொல்லலாம், சரி என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

நல்ல நேரத்துக்குள் போய்விட்டோம். பிள்ளையை மடியில் வாங்கி, காதோடு வாய் வைத்து, பேரை மூன்று தடவை சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பாயாசம் கொண்டுவந்த தம்பி விடவில்லை. "என்னக்கா, இன்னைக்குக் காரு எங்கயும் நிக்கலயா?"

நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது ஏன்டா நிக்கப் போகுது?" என்றாள் அவள், பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி. "நான்தான் ஒரு எடத்துல ஊக்கு குத்திக்கணும்னு நிறுத்தச் சொன்னேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.